சதுர ஓட்டை

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குடைக்காரர் வீடு என்றால்தான் வழி காட்டுவார்கள். அவர் குடை விற்பவரும் இல்லை, ரிப்பேர் பார்ப்பவரும் இல்லை. பட்டாளம் ஏலத்தில் தள்ளிவிடும் பாராசூட்டுகளை விரித்துப் பார்த்து, இது இன்ன ரகம், இதற்குத்தான் உதவும் என்று சொல்வது அவர் வேலை. கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்ட உறவுக்காரர்களிடம் அப்பா, "துணி சம்பந்தமா..." என்று இழுத்துச் சமாளித்தார்.

பதினோரு வருடம் பட்டாளத்தின் பொதி கட்டும் கொட்டகையில் இருந்தவர் அத்தான். விமானத்திலிருந்து சரக்கு இறக்கும் பாராசூட்டுகளை மடித்துப் பையில் அடைப்பதுதான் அங்கே காலை முதல் மாலை வரை. அதை விட்டு வந்த பிறகு, ரயிலடிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கிடங்கில் சேர்ந்தார். ஏலத்தில் வரும் மூட்டையில் என்ன இருக்கிறது என்று எடுக்கிற முதலாளிக்கே தெரியாது. சரக்குப் பாராசூட், ஆள் குதிக்கிற பாராசூட், வெளிச்சக் குண்டு தொங்கவிடுகிற பொடிப் பாராசூட் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எல்லாமே ஒரே பாசி நிறம். என்னைக் கேட்டால் எல்லாம் ஒன்றுதான். அத்தான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். ஆள் குதிக்கிற துணி வழுக்கும், சரக்குத் துணி லேசாகப் பிடிக்கும் என்பார். அப்புறம் முதல் கயிற்றில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு எண்ண ஆரம்பிப்பார். பாதியிலேயே ரகம் தெரிந்துவிட்டாலும் நிறுத்தமாட்டார். சுற்றி வந்து சிவப்பு நூல் கைக்குத் தட்டினால்தான் வாயைத் திறப்பார். ஓரத்தில் குத்தியிருக்கும் முத்திரையைக் கடைசியில்தான் பார்ப்பார். எண்ணும் வருடமும் அதில் இருக்கும். "முத்திரைய யார் வேணா குத்தலாம்மா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆள் குதிக்கிற பாராசூட் ஏதாவது மூட்டையில் தப்பி வந்துவிட்டால் உடனே கத்தரிக்கோலை எடுத்துக் கயிறுகளை நறுக்கிவிடுவார். முதலாளி வயிறெரிவார். "முழுசா இருந்தா நல்ல விலைக்குப் போகும், குடைக்காரரே" என்பார். "வாங்குறவன் மாடியிலேர்ந்து குதிச்சா நீங்க வந்து பிடிப்பீங்களா?" என்பார் அத்தான். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார்.

நான் அந்தக் கிடங்கில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பதினெட்டு வருடம் திரைச்சீலைக் கடையில் தைத்தவள் நான். கடையை மூடிவிட்டார்கள். அக்கா சொல்லி, அத்தான் முதலாளியிடம் பேசி, கிடங்கின் ஜன்னலோரம் எனக்கு ஒரு தையல் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். கிழிசல் இருந்தால் ஒட்டுப் போட்டுத் தைக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஓட்டையைக் கண்டாலே ஆகாது. தூங்குகிறவர் சட்டையில் ஓட்டை இருந்தால்கூட எழுப்பிக் கழற்றித் தைத்துவிடுவேன் என்று அக்கா கேலி செய்வாள். அது உண்மைதான். அந்தப் புத்திதான் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருடம் மழை அடித்து ஊற்றியதில் மலைக்கு அந்தப் பக்கம் போகும் பாலம் இடிந்து விழுந்தது. அங்கே மூன்று ஊர்கள் மாட்டிக்கொண்டன. மருந்து, பால் பவுடர், கம்பளி எல்லாம் விமானத்திலிருந்துதான் போட வேண்டும் என்ற நிலைமை. நிவாரணக் குழு ஒன்று எங்கள் கிடங்குக்கு வந்து பதினான்கு சரக்குப் பாராசூட் கேட்டது. அத்தான் இரண்டு நாள் உட்கார்ந்து பதினான்கைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டையைக் கட்டினார். அட்டையில் "நல்லது" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு நாளும் துணியைத் தேய்ப்பதற்கு முன்பே அவர் முத்திரையைத் தேடிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாராசூட்டுகள் போன மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி. புதிதாக ஒரு மூட்டை வந்திருந்தது. அத்தான் அதைப் பிரித்து, ஒரு பாராசூட்டின் ஓரத்தைத் தூக்கி முதலாளியிடம் காட்டினார். அதில் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக ஓர் ஓட்டை.

"இது செத்தது. முத்திரைய வெட்டி எடுத்துட்டாங்க பாருங்க. வானத்துல விரிக்க லாயக்கில்லன்னா பட்டாளத்துல இப்படித்தான் செய்வாங்க. இதைப் பந்தலுக்குத்தான் கொடுக்கணும்" என்றார்.

மிஷினை மிதித்துக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது. அதே மாதிரி ஒரு சதுர ஓட்டையை மூன்று வாரத்துக்கு முன்னால் நான் தைத்திருந்தேன். வெட்டு அவ்வளவு நேராக இருக்கிறதே, கிழிசல் இப்படி இருக்காதே என்று ஒரு நிமிடம் யோசித்தால் என்ன? யோசிக்கவில்லை. கழிவுத் துணிக் குவியலைக் கிளறி, அளவாக ஒரு துண்டு கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அந்தத் துண்டில் வேறொரு பாராசூட்டின் முத்திரை இருந்தது. எழுத்து கோணாமல் நேராக வரும்படி வைத்து, பிசிறு தெரியாமல் உள்பக்கம் மடித்துத் தைத்தேன். திரைச்சீலைக் கடையில் பூவோடு பூ சேர்த்துத் தைத்த கை! செத்த பாராசூட்டுக்கு உயிருள்ளதன் முத்திரையைப் போட்டுவிட்டு, எவ்வளவு நேர்த்தி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

"அத்தான்" என்றேன். "அந்த மாதிரி ஒண்ணை நான் தைச்சுட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "முத்திரை வெச்சா, வெறும் துணியா?" என்று மட்டும் கேட்டார்.

"முத்திரை வெச்சு."

அவர் எழுந்து, கழித்த பாராசூட்டுகளைப் போட்டிருந்த மூலைக்குப் போய் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நானும் புரட்டினேன். என் தையல் அங்கே இல்லை. அப்படியென்றால் அது பதினான்கில் ஒன்றாகப் போயிருக்கிறது. விமானம் பதினோரு மணிக்குக் கிளம்புகிறது என்று முந்தின நாள்தான் பேசிக்கொண்டார்கள்.

முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதினாலுல ஒண்ணுதானே. போனாப் போகுது, கம்பளிப் பெட்டி ஒண்ணு விழுந்து நசுங்கும். இதைப் போய் ஊரெல்லாம் தமுக்கடிச்சா நம்ம கடையில எவன் வாங்குவான்?"

அத்தான் என் பக்கம் திரும்பி, "வேனை எடும்மா" என்றார்.

அத்தானுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. திரைச்சீலைகளை வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டியவள் நான், எனக்குத் தெரியும். நிவாரணக் குழுவில் பொதி கட்டுகிறவர்களின் தலைவியைப் போனில் பிடிக்க அத்தான் வழியெல்லாம் முயன்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஒரு தடவை போன் அவர் கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டார். லெவல் கிராசிங்கில் கேட் மூடிவிட்டார்கள். சரக்கு ரயில் ஒன்று நத்தையாக ஊர்ந்தது. பெட்டிகளை எண்ணினேன். எதையாவது எண்ணாவிட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"ஒரு பெட்டி எவ்வளவு கனம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"இருநூறு கிலோ."

கேட் திறந்து வண்டி நகர்ந்ததும் அவராகவே சொன்னார். "கொட்டகையில இருந்தப்ப ஒரு தடவை பார்த்தேன். விரியல. துணி மேல சுத்திக்கிட்டு நேரா வந்துது. சமையக்கட்டுச் சுவரு மேல விழுந்துச்சு. உள்ள நாலு பேரு இருந்தாங்க." மலைக்கு அந்தப் பக்கம் பத்து நாளாக வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் பெட்டியைக் கண்டதும் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் கீழே ஓடி வருவார்கள்.

விமானத் திடல் என்பது புல் வெட்டிய ஒரு மைதானம்தான். நாங்கள் போனபோது மணி பத்து பத்து. பெட்டிகள் இரண்டு வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பாராசூட் பை. பொதி கட்டும் குழுவின் தலைவி கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். என் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் பத்துப் பேருக்கு இருக்கும். அத்தான் விஷயத்தைச் சொன்னார். மழுப்பவில்லை.

"எது?" என்றாள்.

"தெரியல."

"பதினாலையும் பிரிச்சு மடிக்க எனக்கு ஒரு நாள் ஆகும். மதியத்துக்கு மேல மலைய மேகம் மூடிரும், பைலட் போகமாட்டாரு. நாளைக்கும் மழைன்னு சொல்றாங்க. அங்க குழந்தைங்களுக்குப் பால் பவுடர் நேத்தோட தீர்ந்துபோச்சு. ஒண்ணைக் காட்டுங்க, கழட்டிப் போட்டுட்டுப் போறோம். பதினாலையும்னா, என்னால ஆகாது."

அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள். பையின் வாயைக் கட்டியிருக்கும் முடிச்சை அவிழ்த்தால் கையை உள்ளே விடலாம். பாராசூட்டின் ஓரம் முழுவதும் மடிப்பு மடிப்பாக அங்கேதான் இருக்கும். துணியை வெளியே இழுக்கக் கூடாது, இழுத்தால் முதலிலிருந்து மடிக்க வேண்டும். தடவிக் கண்டுபிடிக்க முடியுமா?

எனக்கு உயிர் வந்தது. தடவிக் கண்டுபிடிக்க அத்தானை விட்டால் ஆள் யார்? அவர் முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு முதல் பையில் கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் நெற்றி வியர்த்துவிட்டது. கையை வெளியே எடுத்து, அது யாருடையதோ மாதிரி பார்த்தார்.

"எனக்கு விரல்ல உணர்ச்சி இல்லம்மா" என்றார். என்னிடம் சொல்வது போலத்தான் ஆரம்பித்தார், ஆனால் விசில்காரிக்கும் சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "ஆறு மாசமா இல்ல. சர்க்கரை. துணிய தேய்ச்சா எந்தத் துணின்னு தெரியறதில்ல. முத்திரையப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். பாவம் என்று அப்போது தோன்றவில்லை. ஆறு மாதமாக எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. என் ஒட்டு ஒரு பக்கம், அவர் விரல் ஒரு பக்கம். இரண்டில் ஒன்று ஒழுங்காக இருந்திருந்தால் நாங்கள் அந்த மைதானத்தில் நின்றிருக்க வேண்டியதில்லை.

"யார் தைச்சது அது?" என்று கேட்டாள் விசில்காரி.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான், "கையெழுத்து என்னோடது" என்றார்.

"நான்தான் தைச்சேன்" என்றேன். "நான் பார்க்கிறேன்."

எனக்குச் சரக்குத் துணியும் தெரியாது, ஆள் துணியும் தெரியாது. ஆனால் என் தையல் எனக்குத் தெரியும். திரைச்சீலைக் கனத்தில் தையல் விட்டுப்போகக் கூடாது என்று நாலு மூலையிலும் மும்மூன்று தடவை திருப்பி ஓட்டுவேன். அது கொத்துக் கொத்தாகச் சோற்றுப் பருக்கை மாதிரி கையில் நெருடும். பட்டாளத்துத் தையல் ஓடையாகப் போகும், எங்கேயும் நெருடாது. முதல் பையில் கையை விட்டேன். உள்ளே துணி சில்லென்று இருந்தது. மடிப்பை ஒவ்வொன்றாக விலக்கி ஓரம் முழுவதும் தடவி வந்தேன். இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் ஏதோ தட்டியது, மறுபடி தடவினேன், வெறும் கயிற்று முடிச்சு. விமானத்தின் எஞ்சினை ஒரு தடவை முடுக்கிப் பார்த்தார்கள். அந்த அதிர்வில் கைக்கு எல்லாமே நெருடுகிற மாதிரிதான் இருந்தது.

ஆறாவது பையில் அது கிடைத்தது. ஒரு மூலை, இரண்டாவது மூலை, மூன்றாவது, நான்காவது. கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி அந்தத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "இதுதான்! இதுதான் அது!"

விசில்காரி அந்தப் பெட்டியை ஓரமாகத் தள்ளச் சொன்னாள். மற்றவற்றை ஏற்றுவதற்கு விசிலை வாயில் வைத்தாள். நான் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"மீதி எட்டையும் பாரும்மா" என்றார் அத்தான்.

"ஒண்ணுதான் அத்தான் தைச்சேன். எனக்குத் தெரியாதா?"

"கிடைச்சாச்சுன்னு நிறுத்தாத. கடைசி வரைக்கும் பாரு."

மணி பத்து நாற்பத்தைந்து. விசில்காரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த மனுஷருக்கு இது ஒரு வியாதி என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எழுந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது என்று போனேன். பன்னிரண்டு வரை ஒன்றும் இல்லை. பதின்மூன்றாவதில் கை விட்டதும் பருக்கை நெருடியது.

அப்போதுதான் நினைவு வந்தது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அக்காவோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இன்னொரு சதுரத்தையும் முத்திரைத் துண்டு வைத்துத் தைத்திருந்தேன். என்ன பேசினோம் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கட்டில் பற்றி. தைத்தது மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஒன்றுதான், எனக்குத் தெரியாதா என்று எவ்வளவு அடித்துச் சொன்னேன்!

பதினான்காவதையும் பார்த்தேன். யாரும் சொல்லாமலே பார்த்தேன். அதில் இல்லை.

பன்னிரண்டு பெட்டிகளோடு விமானம் கிளம்பியது. இரண்டு பெட்டிகள் புல்லில் நின்றன. ஒன்றில் கம்பளி, ஒன்றில் பால் பவுடர். அந்தப் பால் பவுடர் பெட்டியை என்னால் பார்க்க முடியவில்லை. திடல் ஓரத்துப் பெஞ்சில் நானும் அத்தானும் உட்கார்ந்தோம். மூன்றாவதாக ஒன்றைத் தைத்திருப்பேனோ? நான்காவதைத் தடவும்போது எஞ்சின் சத்தத்தில் சரியாகப் பார்த்தேனா? மனதுக்குள் பன்னிரண்டு பைகளையும் திரும்பத் திரும்பத் தடவினேன். ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் அப்படியே போனது.

"அக்காகிட்ட சொல்லாத. பயந்துடுவா" என்றார் அத்தான்.

விமானம் திரும்பி வந்தது. பைலட் இறங்கிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவி மனிதர், அதைத் துடைத்து முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. "பன்னெண்டும் விரிஞ்சுது. சனங்க ஓடி வந்துட்டாங்க, பெட்டி தரையத் தொடறதுக்கு முன்னாடியே ஓடி வந்துட்டாங்க" என்றார். விசில்காரி வந்து என் தோளை ஒரு தடவை அழுத்தினாள். அத்தானிடம், "நல்லதா ரெண்டு கொண்டு வாங்க, மேகம் விலகின அன்னிக்குப் போடறேன்" என்றாள். "கொண்டு வர்றோம். ஆனா இந்தத் தடவை நான் மட்டும் பார்த்துச் சொன்னதை எடுத்துக்காதீங்க" என்றார் அவர்.

வேனில் திரும்பினோம். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி வந்தார். ஆறு மாதம் அந்தக் கையைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க எவ்வளவு பயந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டில் அக்கா அடுப்பிலிருந்து இறக்கின டீயை டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் கை முழுக்க வளைத்து வாங்கிக்கொண்டார். "பாரேன் இவர. கொதிக்கக் கொதிக்கப் பிடிச்சுப்பாரு. சூடே உறைக்காது" என்றாள் அக்கா. கொஞ்ச நாளாகவே இதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அந்த டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். என் விரல் சுட்டுவிட்டது, அப்படியே மேஜையில் வைத்தேன்.

"அக்கா, இனிமே இவர் கையில டம்ளரக் கொடுக்காத" என்றேன். "கீழ வை, ஆறட்டும். இவருக்கு விரல்ல உணர்ச்சி இல்ல."

அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலைகுனிந்துகொண்டார். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, அவர் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையைத் திருப்பினாள். விரல் நுனிகளில் பழைய சூட்டுத் தழும்புகள் வெளுத்துக் கிடந்தன. கட்டைவிரல் நுனியை நகத்தால் அழுத்தி, "இது தெரியுதா?" என்றாள்.

"இல்ல."

அடுத்த விரலை அழுத்தினாள். "இது?"

"இல்ல."

வலது கையை முடித்து இடது கைக்கு வந்தாள். கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்றார். அக்காவின் குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. ஒன்பது விரல் ஆயிற்று. பத்தாவதாக, இடது கைச் சுண்டுவிரலை அழுத்தியபோது, "கொஞ்சம்" என்றார் அத்தான்.